பெட்ரோலா, பேட்டரியா? பட்டறையிலிருந்து பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டர்ட் பைக், அதாவது மண்ணிலும் மேடு பள்ளத்திலும் ஓட்டச் செய்த வண்டி பற்றியவை. பெட்ரோல் வண்டி வாங்குவதா, எலெக்ட்ரிக் வாங்குவதா என்பதுதான் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி. மைலேஜ், இன்சூரன்ஸ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இம்முறை மண்ணிலேயே உருளுவோம். நான் கோவையில் பட்டறை வைத்திருப்பவன். ரேஸ் வண்டிகளின் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றிக் கையில் பெட்ரோல் வாசம் ஏறிப்போனவன். என் பதிலில் பெட்ரோல் பக்கம் சாய்வு தெரிந்தால் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: எங்களுக்கு எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பைச் சுற்றி வரவும், ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனும் ஓட்டிப் பழகவும் ஒரு டர்ட் பைக் வாங்க நினைக்கிறேன். எலெக்ட்ரிக் என்றால் ரேஞ்ச் (ஒருமுறை சார்ஜ் போட்டால் ஓடும் தூரம்) போதாது என்கிறார்கள் நண்பர்கள். கம்பெனிக்காரர்களோ 165 கிலோமீட்டர் என்கிறார்கள். யாரை நம்புவது? மோட்டார் ரூமிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?
– தோப்புக்காரர், பொள்ளாச்சி

பதில்: இரண்டு பேருமே கிலோமீட்டரில் பேசுகிறார்கள் ஐயா. தோப்புக்குள் கிலோமீட்டருக்கு மதிப்பில்லை. 165 என்கிறீர்கள் என்றால் அது அல்ட்ராவயலட் ஷாக்வேவாகத்தான் இருக்கும். பெங்களூர்க் கம்பெனி 2025 மார்ச்சில் அறிமுகப்படுத்திய வண்டி. 120 கிலோ எடை, 4 யூனிட் பேட்டரி. அந்த 165 சோதனைக் கணக்கு. வகுத்து வைத்த வேகத்தில், வகுத்து வைத்த மாதிரி ஓட்டி எடுப்பது. அதில் ஈர மண் கிடையாது, வழியில் மட்டை கிடக்காது, பாத்தியில் இறங்கி ஏறும் வேலை இல்லை. மண்ணில் ஓடும் வண்டிக்கு “எத்தனை மணி நேரம் ஓடும்” என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பிறகு எந்த வண்டியின் விளம்பரத்தைப் பார்த்தாலும் நீங்களே சொல்லிவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறத்தாழ 9 யூனிட் சக்தி அடைந்திருக்கிறது. இன்ஜின் அதில் கால்வாசியைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலே பெரிய விஷயம். மீதியெல்லாம் சைலன்சர் வழியாகவும் சிலிண்டர் சூடாகவும் போய்விடும். ஆக லிட்டருக்கு 2 யூனிட் சொச்சம் என்று வையுங்கள். எலெக்ட்ரிக் மோட்டார் அப்படி வீணாக்காது; 4 யூனிட் கொடுத்தால் மூன்றரை யூனிட்டாவது சக்கரத்துக்கு வந்துசேரும். அதாவது 4 யூனிட் பேட்டரி என்பது ஒன்றரை லிட்டர் பெட்ரோலை டேங்கில் ஊற்றி ஓட்டுவதற்குச் சமம். மண்ணிலும் ரோட்டிலும் ஓடும் பெட்ரோல் வண்டியான ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இன் டேங்க் 13 லிட்டர். ரேஞ்ச் சண்டை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் உங்கள் வேலைக்கு ஒன்றரை லிட்டர் போதும். தோப்பில் நீங்கள் பதினைந்து இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டப் போவதில்லை. அந்த ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் தாராளமாக வரும் என்பது என் மதிப்பு. மகன் கையில் கொடுத்து அவன் முறுக்கோ முறுக்கென்று முறுக்கினால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வண்டி படுத்துவிடும். பரவாயில்லை. மேட்டுப் பள்ளத்தில் எழுந்து நின்று ஒரு மணி நேரம் ஓட்டினால் வண்டிக்கு முன்னால் தொடை படுத்துவிடும்.

தோப்புக்கு எலெக்ட்ரிக்கை நான் சொல்வதற்கு ரேஞ்சைவிடப் பெரிய காரணம் மெதுவான ஓட்டம். பெட்ரோல் வண்டியை நடை வேகத்தில் ஓட்ட வேண்டுமென்றால் இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்சிலேயே இருக்கும். பாதி பிடித்து, பாதி விட்டு, நின்று நின்று போவீர்கள். இன்ஜின் சூடாகும், கிளட்ச் பிளேட் தேயும், கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிடும். மின் மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. நின்ற நிலையிலிருந்தே முழு இழுவை இருப்பதால் கிளட்சும் கியரும் தேவைப்படுவதில்லை. மரத்தடியில் நிறுத்தி, குலையைப் பார்த்து, பத்தடி நகர்ந்து மறுபடி நிறுத்தலாம்.

அந்த இழுவையே ஒரு கெடுதலும் செய்யும். குமிழ் டயர் போட்ட வண்டியை வேகமாக முறுக்கினால் பின் சக்கரம் அதே இடத்தில் சுற்றி மண்ணைத் தோண்டும். தென்னைக்குச் சத்து எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் தூரிலிருந்து இரண்டு மீட்டர் சுற்றுக்குள்தான் இருக்கின்றன. வட்டப்பாத்திக்குள் வண்டியை விடாதீர்கள். சொட்டுநீர்க் குழாய் ஓடும் வரிசையைத் தாண்டும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு உருண்டு தாண்டுங்கள். முறுக்கிக்கொண்டே தாண்டினால் டயர் குழாயைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய்விடும். மகனிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

மோட்டார் ரூம் சார்ஜ் வேண்டாம். விவசாயத்துக்கென்று வாங்கிய இலவச சர்வீஸில் பைக்குக்குச் சார்ஜ் போட்டால் அது முறைகேடான மின் பயன்பாடு. மின்வாரியத்தார் வந்து பார்த்தால் பைக்குக்குப் போட்டதைவிடப் பல மடங்கு கட்ட வேண்டிவரும். வீட்டு இணைப்பில் போடுங்கள். 4 யூனிட் பேட்டரியை நிரப்ப இழப்பும் சேர்த்து நாலரை யூனிட் ஆகும். மேல் ஸ்லாபில் போட்டுப் பார்த்தாலும் அறுபது ரூபாய் தாண்டாது. அப்புறம் எலி. தோப்பு வீட்டில் நிறுத்தி வைக்கும் எந்த வண்டியின் ஒயரையும் எலியும் அணிலும் விட்டுவைப்பதில்லை. பெட்ரோல் வண்டியில் ஒயர் போனால் ஊர் எலெக்ட்ரீஷியனே ஒட்டுப் போட்டுவிடுவார். பேட்டரி ஒயரில் அவரைக் கை வைக்க விடாதீர்கள்.

மகன் விஷயம்: பத்தாம் வகுப்பு என்றால் பதினைந்து வயது. சொந்த வேலிக்குள் ஓட்டட்டும். தோப்புக்கு நடுவில் பஞ்சாயத்து ரோடு போகிறதா? அதைத் தாண்டும்போது வண்டியை நீங்கள் தள்ளிக்கொண்டு போங்கள். உரிமம் இல்லாத பிள்ளை பொது ரோட்டில் ஓட்டிப் பிடிபட்டால் 2019 திருத்தச் சட்டப்படி பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. பையனுக்கும் 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. “பெட்டிக்கடை வரைக்கும்தானே” என்பதெல்லாம் எடுபடாது.

கேள்வி: எனக்கு சூப்பர்கிராஸ் ரேஸில் (ஸ்டேடியத்துக்குள் மண் மேடுகள் போட்டுக் குதித்து ஓட்டுவது) ஓட்ட ஆசை. முதலில் எலெக்ட்ரிக் டர்ட் பைக்கில் பழகிவிட்டு அப்புறம் பெட்ரோலுக்கு மாறலாமா? செலவு குறையும் என்று நினைக்கிறேன்.
– இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு, கோவை

பதில்: தம்பி, ரேஸ்தான் குறி என்றால் பெட்ரோலிலேயே ஆரம்பி. எலெக்ட்ரிக் வேகம் போதாது என்பதற்காகச் சொல்லவில்லை. பார்சிலோனாவில் தயாராகும் ஸ்டார்க் வார்க் 80 குதிரைத்திறன் வரை தருகிறது. மண் டிராக்கில் குதித்து ஓடும் மோட்டோகிராஸ் ரேஸுக்கான 450 சிசி பெட்ரோல் வண்டிகள் அறுபதை ஒட்டித்தான் நிற்கும். உலக அளவில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கான அமைப்பான எஃப்ஐஎம், மின் வண்டிகளுக்கென்றே ஈ-எக்ஸ்ப்ளோரர் என்ற கோப்பையை 2023-இல் தொடங்கியது. ஆனால் நம் ஊரில் ரேஸ் வகுப்புகள் சிசி கணக்கில், அதாவது பெட்ரோல் இன்ஜின் அளவை வைத்துத்தான் பிரிக்கப்படுகின்றன. 2024 ஜனவரியில் புனேயில் தொடங்கிய இந்தியன் சூப்பர்கிராஸ் லீகை எடுத்துக்கொண்டாலும் 450, 250, ஜூனியருக்கு 85 என்றுதான் வகுப்புகள். நீ பழகும் வண்டியும் வரிசையில் நிற்கும் வண்டியும் ஒன்றாக இருப்பது நல்லது.

அடுத்தது கிளட்ச். சூப்பர்கிராஸில் ரேஸ் தொடங்க, வண்டிகளை மறித்து நிற்கும் கேட் விழும் நொடியில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாயா? இன்ஜின் கத்திக்கொண்டிருக்கும், ஆனால் வண்டி நகராது. ஒரே ஒரு விரல் கிளட்சை மயிரிழை மயிரிழையாக விடும். சட்டென்று விட்டால் முன் சக்கரம் தூக்கும், இழுத்துப் பிடித்தால் பின்னால் இருப்பவன் முந்துவான். முதல் திருப்பத்தில், தடம் விழுந்த பள்ளத்துக்குள் வண்டியைச் சாய்த்துத் திரும்பும்போதும் அதே விரல்தான் வேலை செய்யும். வேகம் குறைந்து இன்ஜின் திணறும் இடத்தில் கிளட்சை ஒரு தட்டுத் தட்டினால் சுழற்சி ஏறி, வண்டி பள்ளத்தை விட்டு எகிறி வரும். கிளட்சே இல்லாத வண்டியில் வருடக்கணக்கில் ஓட்டினாலும் இந்த விரல் வராது. காதும் அப்படித்தான். பெட்ரோல் வண்டிக்காரன் கியர் மாற்ற மீட்டரைப் பார்ப்பதில்லை, சத்தத்தைக் கேட்டு மாற்றுகிறான்.

செலவு குறையும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு வேறு வழி இருக்கிறது. பழைய எக்ஸ்பல்ஸ் ஒன்று வாங்கு. 160 கிலோ எடை. மோட்டோகிராஸ் 250 வண்டியைவிட ஐம்பது கிலோ கூடுதல், குதித்தால் இரும்புப் பெட்டி விழுவது போல விழும். குதிக்க வேண்டாம். நின்று ஓட்டுவது, கிளட்ச், வழுக்கலில் பின் பிரேக், இந்த மூன்றையும் அதில் படி. ரோட்டிலும் ஓட்டிக்கொண்டு காலேஜுக்கும் போகலாம். குதிக்கும் ஆசை வரும்போது கோலார் பக்கம் சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் போன்ற இடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து, அவர்கள் வண்டியில் விழு. நாள்கணக்கில் நீளும் டக்கார் ராலி பந்தயத்தை 2015-இல் முழுதாக ஓட்டி முடித்த முதல் இந்தியர் சந்தோஷ். அங்கே விழுவது எப்படி என்பதையும் சொல்லித் தருவார்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போ.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. யூடியூபில் பார்த்துவிட்டு டர்ட் பைக் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். ஆன்லைனில் விற்கும் பேட்டரி வண்டி வாங்கலாமா? ஐம்பது சிசி பெட்ரோல் வண்டியும் இருக்கிறதாமே?
– ஒரு தாய், திருச்சி

பதில்: வாங்கிக் கொடுங்கள் அம்மா, ஆனால் பேட்டரி வண்டியே வாங்குங்கள். என்னிடம் யோசிக்காமல் பதில் வரும் ஒரே கேள்வி இதுதான். 1981 முதல் வருகிற யமஹா பிடபிள்யூ 50 மாதிரியான வண்டிகளில்தான் உலகமெங்கும் குழந்தைகள் பழகினார்கள். அதிலும் கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. ஆகவே மின் வண்டியில் குழந்தைக்கு எந்தப் பயிற்சியும் குறைந்துவிடாது. குறைவது சூடான சைலன்சர். விழுந்த வண்டிக்கு அடியில் மாட்டிக்கொள்கிற பிஞ்சுக் கெண்டைக்காலுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. கேடிஎம் 2019-இல் எஸ்எக்ஸ்-ஈ 5 என்ற மின் வண்டியைத் தங்கள் ஐம்பது சிசி வண்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. இங்கே ஹீரோவின் விடா பிரிவும் நாலிலிருந்து பத்து வயதுக்காரர்களுக்கென்று டர்ட் ஈ கே3 கொண்டுவந்திருக்கிறது.

ஆன்லைனில் பெயர் தெரியாத கம்பெனி வண்டி என்றால் மூன்றைப் பாருங்கள். வேகத்தை நீங்கள் கட்டுப்படுத்த முடிகிறதா? பிரேக் கையில் இருக்கிறதா, அதை மகளின் விரல் எட்டுகிறதா? மணிக்கட்டில் மாட்டும் கில் ஸ்விட்ச் கயிறு (இழுபட்டால் வண்டியை அணைத்துவிடும் கயிறு) இருக்கிறதா? மூன்றாவதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். பெட்ரோல் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் தெருவுக்கே தெரியும். மின் வண்டி ஆன் ஆகியிருப்பது யாருக்கும் தெரியாது. குழந்தை இறங்கி நின்று, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே “அப்பா, பாத்தியா” என்று திரும்பும். அந்தத் திருப்பத்திலேயே வலது கை முறுக்கிவிடும். வண்டி பாய்ந்து குழந்தையை இழுத்துக்கொண்டு போகும். கயிறு இருந்தால் கை விட்டவுடன் மின்சாரம் அறுந்துவிடும். கயிறு இல்லாத வண்டி என்றால், இறங்கும்முன் சாவியைத் திருப்புவதை நீங்களே பக்கத்தில் நின்று பழக்குங்கள்.

வண்டி விலையில் ஒரு பங்கை ஹெல்மெட்டுக்கும் பூட்ஸுக்கும் முழங்கால் கவசத்துக்கும் ஒதுக்கிவிட்டு மீதிக்கு வண்டி பாருங்கள். “வளர்ந்தாலும் போடலாம்” என்று ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட் வாங்காதீர்கள். பட்டுப்பாவாடைக்கு அது சரி, தலைக்குச் சரியாக வராது.

கேள்வி: எலெக்ட்ரிக்கில் பராமரிப்புச் செலவே இல்லை என்கிறார் என் மைத்துனர். உண்மையா?
– ஜவுளி வியாபாரி, ஈரோடு

பதில்: மைத்துனரை ஒரு மழைநாளுக்கு மறுநாள் வண்டி கழுவ விடுங்கள். செயின், ஸ்ப்ராக்கெட், டயர், பிரேக் பேட், சக்கர பேரிங், ஃபோர்க் சீல் எல்லாம் இரண்டு வண்டிக்கும் ஒன்றே. மண் இவற்றைத் தின்னும்போது பேட்டரியா பெட்ரோலா என்று கேட்பதில்லை. மின் வண்டியில் இல்லாதவை: இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், வால்வு இடைவெளி, கார்புரேட்டர், ஏர் ஃபில்டர்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு பாரா எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. டர்ட் பைக்கில் அது பஞ்சு போன்ற ஃபோம். அதை ஒவ்வொரு புழுதி ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றி, கழுவி, காயவைத்து, அதற்கான ஆயிலைத் தடவிப் பிசைந்து, கசடு இல்லாமல் மாட்ட வேண்டும். கையெல்லாம் பிசுபிசுக்கும், வீட்டில் திட்டு விழும். சோம்பேறித்தனத்தில் இதை விட்டால் புழுதி உள்ளே போய் பிஸ்டனையும் சிலிண்டரையும் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். ரேஸ் வண்டிகளில் பிஸ்டன் மாற்றுவதைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, ஓடிய மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். எக்ஸ்பல்ஸ் மாதிரி ரோட்டு வண்டி இன்ஜினுக்கு அவ்வளவு இல்லை. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி, இப்போது வரும் இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டியை அப்படியே மூன்று மாதம் மூலையில் போட்டால் ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைத்துக்கொள்ளும். நிறுத்துவதற்கு முன் கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்து வடித்துவிட வேண்டும்.

இந்த வேலைகள் எல்லாம் இல்லை என்பது பெரிய நிம்மதிதான். ஆனால் பெட்ரோல் வண்டி தவணை தவணையாகக் கேட்கும் பணத்தை மின் வண்டி ஒரே நாளில், பேட்டரி போகும் நாளில் கேட்கும். வாரண்டி எத்தனை வருடம், மண்ணில் ஓட்டினாலும் செல்லுமா, தண்ணீர் புகுந்தால் யார் பொறுப்பு? இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நீண்ட நாள் நிறுத்தும்போது பேட்டரியைப் பாதி சார்ஜில் வையுங்கள். முழுதாக நிரப்பியும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். ஓட்டி வந்த சூட்டோடு உடனே சார்ஜரைச் சொருகவும் வேண்டாம். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

மைத்துனர் இறக்குமதிச் சீன வண்டி ஏதாவது வாங்கச் சொல்கிறாரா? சர்ரான் போன்றவை நல்ல வண்டிகள்தான். ஐம்பது கிலோவை ஒட்டிய எடையில் சைக்கிள் மாதிரி துள்ளும். ஆனால் நம் ரோட்டுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கிடைக்காது, ஈரோட்டில் கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போனால் திருச்செங்கோட்டிலும் கிடைக்காது.

கேள்வி: அப்பாவின் பழைய ஆர்எக்ஸ் 100-ஐ எலெக்ட்ரிக் டர்ட் பைக்காக மாற்ற ஆசை. முடியுமா?
– கும்பகோணம்

பதில்: முடியும். அங்கீகாரம் பெற்ற மாற்றுக் கிட் போட்டு, ஆர்டிஓவில் ஆர்சி புத்தகத்தையும் திருத்த வேண்டும். 98 சிசியில் 11 குதிரைத்திறன் கொடுத்த அந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினைக் கழற்றுவதற்கு முன் அப்பாவிடம் கேட்டீர்களா? அவர் சம்மதித்தாலும் நான் சம்மதிக்க மாட்டேன். அதன் சேசிஸும் குதிப்பதற்குச் செய்ததல்ல, ஹேண்டில்பார் மாட்டும் தலைப்பகுதி வெல்டிங் விட்டுவிடும். இன்ஜின் வேண்டாம் என்றால் பத்திரமாகப் பொட்டலம் கட்டி என் பட்டறைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: ஷார்ஜாவில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் நண்பர்களோடு பதாயர் பக்கம் மணல்மேட்டில் வாடகை வண்டி ஓட்டுகிறோம். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். எது?
– ஷார்ஜாவிலிருந்து ஒரு ராமநாதபுரத்துக்காரர்

பதில்: பெட்ரோல். மணலில் சக்கரம் ஓய்வே இல்லாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். விட்டால் முன் சக்கரம் புதைந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். முழு முறுக்கில் பேட்டரி வேகமாகக் காலியாகும். மோட்டார் சூடேறினால் கன்ட்ரோலர் தானாகவே சக்தியைக் குறைத்துவிடும். மேட்டில் பாதி ஏறியபோது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாலைவனத்தின் நடுவில் ப்ளக் பாயிண்ட் கிடையாது, ஜெனரேட்டர் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டுக் காத்திருக்கும் நேரத்தில் வெயில் ஏறிவிடும். பெட்ரோல் என்றால் பின்னால் வரும் நண்பரின் காரில் ஒரு கேன். வருடத்தில் பாதி நாள்தான் அங்கே ஓட்ட முடியும் என்பதால், புதுசு வேண்டாம், ஊர் திரும்பும் யாராவது விற்றுவிட்டுப் போகும் வண்டியைப் பிடியுங்கள். ஏர் ஃபில்டர் பாராவை இன்னொரு முறை படியுங்கள், மணல்காரர்களுக்கு அது இரண்டு மடங்கு.

கேள்வி: நாங்கள் மலைவாசிகள். என் பழைய கார்புரேட்டர் பைக் கீழே மேட்டுப்பாளையத்தில் பறக்கிறது, மேலே வந்தால் மூச்சு வாங்குகிறது. எலெக்ட்ரிக்கில் இந்தப் பிரச்சினை இல்லை என்கிறார்களே? சத்தமும் வராது என்பதால் காட்டுப் பாதைகளிலும் யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓட்டலாம் என்று ஒரு யோசனை.
– தேயிலைக் கம்பெனி ஊழியர், கோத்தகிரி

பதில்: முதல் பாதி சரி. இன்ஜின் காற்றைக் குடித்து வாழும் பிராணி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவதால் சமவெளியில் கொடுக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். கார்புரேட்டருக்கு அது தெரியாததால் அதே அளவு பெட்ரோலை ஊற்றும், வண்டி கருப்புப் புகை கக்கித் திணறும். சின்ன மெயின் ஜெட் போட்டால் திணறல் நிற்கும், போன சக்தி வராது. ஃபியூல் இன்ஜெக்ஷன் வண்டி அளவைத் தானே சரிசெய்துகொள்ளும், அதிலும் போன சக்தி போனதுதான். மின் மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் இழுத்ததைத் தொட்டபெட்டாவிலும் இழுக்கும். உங்கள் ஊருக்கு உறைபனி மட்டும்தான் கவனிக்க வேண்டியது. டிசம்பர், ஜனவரி விடியலில் புல் வெளுத்திருக்கும்போது வெளியில் நிறுத்திய வண்டியை அப்படியே சார்ஜில் போடாதீர்கள். சுழியத்துக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும். வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிர் விட்ட பிறகு போடுங்கள்.

இரண்டாவது யோசனையை விட்டுவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், வண்டி சத்தம் போடுகிறதா இல்லையா என்பது வழக்கில் வராது. வண்டியும் பறிமுதலாகும். அதைவிட முக்கியம், சத்தம் இல்லாதது அங்கே உங்களுக்கு எதிராகத்தான் போகும். மலைப்பாதையில் மாலை நேரத்தில் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தூரத்தில் சத்தம் கேட்டால் யானை பெரும்பாலும் ஒதுங்கிப் போகும், திடீரென்று எதிரே முளைத்தால்தான் மிரளும். காட்டெருமையும் அப்படியே. மின் வண்டியில் உங்கள் காதில் விழுவது செயின் உரசலும், அடித்தட்டில் கல் தெறிக்கும் சத்தமும்தான். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் நிற்பதற்கு அதுவும் கேட்காது. இருபது அடியில் நேருக்கு நேர் நிற்பீர்கள், ரிவர்ஸ் கியரும் இருக்காது.

எஸ்டேட் மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கித் தேயிலைத் தோட்டப் பாதையில் ஓட்டுங்கள். இலை பறிப்பவர்கள் வேலையில் இருக்கும் நேரத்தைத் தவிர்த்து, ஞாயிறு காலையில் வெயில் ஏறிய பிறகு போங்கள். ஹேண்டில்பாரில் ஒரு சைக்கிள் மணியும் மாட்டிக்கொள்ளுங்கள்.